முனை நறுக்கிய முள்

இந்த நவம்பரில் ஒரு மீனைக்கூடப் பிடிப்பதில்லை என்று ஆரின் சபதம் எடுத்திருந்தார். வயது அறுபத்தேழு. அதில் ஐம்பது வருடம் கிராண்ட் ரோண்ட் ஆற்றில் ஸ்டீல்ஹெட் மீனுக்காகக் குளிரில் நடுங்கியே கழிந்தது. அப்படிப்பட்டவர் எடுக்கிற சபதமா இது? எடுத்தார். எடுத்ததோடு நிற்கவில்லை. கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, பெட்டியிலிருந்த இறகு கட்டிய தூண்டில் முட்கள் அத்தனையின் முனையையும் குறடால் நறுக்கினார். ஒவ்வொன்று உடையும்போதும் சொந்தப் பல்லைப் பிடுங்குவது போல வலித்தது.

காரணம் இல்லாமலா? அவர்கள் படகில் முப்பது வருடமாக ஒரே சட்டம். ஒருவர் முன்னால் உட்கார்ந்து தூண்டில் போடுவார். மற்றவர் துடுப்புப் போடுவார். மீனைப் படகுக்குக் கொண்டுவந்தவர் அந்த நிமிடமே துடுப்புக்கு வந்துவிட வேண்டும். போன வருடத்துக் கடைசி மீன் அவர் மனைவி லொரெட்டாவுடையது. ஆகவே இந்த வருடத்தைத் துடுப்போடு தொடங்கியவள் அவள். ஆரின் மீன் பிடிக்காதவரை துடுப்பு அவர் கைக்கு வராது.

வரவும் கூடாது. ஆகஸ்டில் டாக்டர் அவர் நெஞ்சைச் சோதித்துவிட்டு, இனிமேல் துடுப்பைத் தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். லொரெட்டாவிடம் அதைச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த வீட்டு டுவேன் தன் மனைவியிடம் நெஞ்சுவலி என்று வாயைத் திறந்தான். அந்த வாரமே அவன் படகை அவள் விற்றுவிட்டாள். இப்போது டுவேன் பகல் முழுவதும் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஆரினுக்குச் சாவைக் கண்டு அவ்வளவு பயமில்லை. அந்த ஜன்னலைக் கண்டுதான் பயம்.

அன்று மூன்றாவது தடவையாக ஆற்றில் இறங்கியிருந்தார்கள். கரை மரங்கள் மஞ்சளையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றன. தூண்டில் கோலின் வளையங்களில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டது. ஆரின் அவற்றை வாயில் வைத்து உறிஞ்சி உருக்கி, மறுபடி வீசினார். நூல் வெடுக்கென்று சுண்டியது. கோல் வளைந்தது. அடுத்த நொடி நிமிர்ந்தது.

“போச்சா?” என்றாள் லொரெட்டா பின்னாலிருந்து.

“போச்சு.”

“இந்த வருஷம் இதோட ஆறு.”

“நீ எதுக்கு அதையெல்லாம் எண்ணுற?”

“துடுப்புப் போடுறவளுக்கு வேற என்ன வேலை? அம்பது வருஷமா மீன் பிடிக்கிற ஆளு. ஒண்ணுகூடவா நிக்காது?”

“இந்த வருஷம் மீனுக்கு வாய் ரொம்ப மிருது. முள்ளு நிக்கல.”

“மீனுக்கு மிருது. உனக்குத்தான் கெட்டி.”

ஆரின் தூண்டிலை மறுபடி வீசினார். துடுப்பு தண்ணீரைத் தள்ளும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. அவளுக்கும் அறுபத்துநாலு. வெட்கமாக இருந்தது.

“கை வலிக்குதா?” என்று கேட்டார்.

“வலிச்சா சொல்லுவேன். புருஷன்கிட்டச் சொல்ல என்ன கேடு?”

மத்தியானம் கூழாங்கல் திட்டில் படகை நிறுத்தி, ரொட்டியும் மான்கறித் துண்டும் சாப்பிட்டார்கள். மூன்று கோப்பை காப்பி தன் வேலையைக் காட்ட, ஆரின் புதருக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது அவருடைய கோலை லொரெட்டா மடியில் வைத்துக்கொண்டு வளையங்களிலிருந்த பனிக்கட்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டார்.

படகு நகர்ந்தது. இரண்டாவது வீச்சிலேயே மீன் கவ்வியது. விட்டுவிடும் என்று ஆரின் காத்திருந்தார். விடவில்லை. ரீல் அலறியது. ஆற்றின் நடுவில் வெள்ளியாக ஒரு மீன் எகிறிக் குதித்தது. அவர் வாழ்நாளில் கண்ட பெரிய மீன்களில் ஒன்று. ஆரின் நூலைத் தளர்த்திக் கொடுத்தார். கோலைத் தாழ்த்தினார். போய்த் தொலையேன் என்று உதட்டுக்குள் கெஞ்சினார்.

“கோலைத் தூக்கு மனுஷா! மீன் பிடிக்கிறியா, வழியனுப்புறியா?”

“கை மரத்துப் போச்சு.”

“அப்ப இறுக்கிப் பிடி!”

கால் மணி நேரம் போராடினார், மீனை இழப்பதற்காக. முடியவில்லை. லொரெட்டா கைவலையை நீட்டி அள்ளினாள். மீன் முதுகில் வாலோரம் இருக்கும் சின்னச் செட்டை வெட்டுப்படாமல் முழுசாக இருந்தது. பண்ணையில் வளர்த்த மீனுக்குத்தான் அதை வெட்டியிருப்பார்கள். இது ஆற்றிலேயே பிறந்த மீன், திருப்பி விட்டாக வேண்டும். அவள் முள்ளைக் கழற்றி, அதைத் தண்ணீருக்குள் பிடித்திருந்து, மெல்லக் கையை விட்டாள். பிறகு எழுந்தாள்.

“சட்டம் சட்டம்தான். வா, துடுப்பைப் பிடி.”

ஆரின் வந்து உட்கார்ந்தார். லொரெட்டா முன்னால் போனாள். ஆனால் தூண்டில் போடவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு இழுப்பு. இரண்டு. மூன்றாவதில் நெஞ்சுக்குள் ஒரு கை இறுக்கியது. வளைவுக்கு அப்பால் இடுக்கு. இரண்டு பக்கமும் கரும்பாறை, நடுவில் ஆறு ஒரே பாய்ச்சலாக இறங்கும் இடம். அங்கே பாதியில் கை நின்றால் படகு குறுக்கே திரும்பும். இந்தக் குளிர்த் தண்ணீரில் லொரெட்டா விழுவாள். ஜன்னல், டுவேன், மானம் எல்லாம் அந்த நொடியில் அவருக்குச் சின்னதாகிவிட்டன. நங்கூரத்தை இறக்கினார்.

“லொரெட்டா, என்னால முடியாது. நெஞ்சு சரியில்ல. டாக்டர் ஆகஸ்ட்லயே சொல்லிட்டாரு. உன்கிட்ட மறைச்சுட்டேன்.”

“தெரியும்.”

“தெரியுமா? எப்படி?”

“நெஞ்சு மாத்திரையைக் கொண்டுபோய் இறகுப் பெட்டியில ஒளிச்சிருக்க. உனக்கு அந்த இறகெல்லாம் கட்டித் தர்றது யாரு? நீயே சொல்லுவேன்னு மூணு மாசம் பாத்தேன். சொல்லல. நான் கட்டுன முள்ளைத்தான் நறுக்குன. அதான் நீ புதருக்குப் போனப்ப முழுசா ஒண்ணு மாட்டிவிட்டேன். துடுப்பு கைக்கு வந்தாலாவது வாயைத் திறப்பியான்னு பாத்தேன்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கியது, குளிர் என்று சொல்லிக்கொள்ளலாம். லொரெட்டா வந்து அவர் தோளைத் தொட்டு முன் இருக்கைக்கு அனுப்பிவிட்டு, துடுப்பைக் கையில் எடுத்தாள்.

“அப்ப... படகை வித்துடுவியா?” என்றார்.

“அதை எதுக்கு விக்கணும்? அது ஒழுங்கா ஓடுதே. விக்கிறதா இருந்தா உன்னைத்தான் விக்கணும். ஆனா வாங்க வர்றவன் முதல்ல நெஞ்சைத் தட்டிப் பாப்பானே, கிழவா.”