தாளி களைந்த ஞாயிற்றுக்கிழமை

தன்னைத் தானே கவனித்துக்கொள்வது நல்ல காரியம்தான். ஆனால் வாயைத் திறந்து பதில் சொல்லக்கூடிய நிலைமையில் அதைச் செய்ய வேண்டும். இதை எந்த வீடியோவிலும் சொல்ல மாட்டார்கள்.

கல்யாணமான புதிதில் எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. கேரள எல்லைக்குள் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் ஒரு துணிக்கடையில் பில் போடுவேன். வீடு திரும்பினால் அடுப்படி. ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது போனில் ஒரு பெண்மணி, "வாரத்தில் ஒரு மணி நேரமாவது உங்களுக்காக வாழுங்கள்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. (அதுவரை யாருக்காக வாழ்ந்தாய் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.) பியூட்டி பார்லர் எல்லாம் வேண்டாம், அடுக்களையில் இருப்பதே போதும் என்றும் அவரே சொல்லிவிட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு மணி நேரத்தை யார் வந்து கேட்டாலும் விட்டுக்கொடுப்பதில்லை என்று பஸ்ஸிலேயே சபதம் எடுத்தேன்.

பக்கத்து வீட்டு ஓமனச் சேச்சி என்னைவிட உற்சாகமாகிவிட்டார். தம் வேலியிலிருந்து செம்பருத்தி இலை பறித்து வந்து தாளி எடுக்கக் கற்றுக்கொடுத்தார். தாளி என்றால் வேறொன்றுமில்லை, இலையைத் தண்ணீரில் கசக்கிப் பிழிந்தால் வரும் வழுவழுப்பு. மலையாளிகள் ஷாம்பூவுக்குப் பதிலாகத் தலையில் தேய்ப்பது. ரொம்ப நேரம் வைத்தால் சளி பிடிக்கும் என்று எச்சரித்தார். அப்படியானால் நேரமானதும் நீங்களே குரல் கொடுத்துவிடுங்கள் என்று அவரிடமே பொறுப்பைக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை கொல்லைப்புறத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அமர்ந்தேன். தலை நிறையத் தாளி. முகத்தில் கடலைமாவும் தயிரும் குழைத்த பூச்சு. கண்கள் மேல் வெள்ளரிக்காய் வில்லைகள். உப்பு போட்ட வெந்நீர் வாளியில் கால்கள். தாலிக்கொடியில் பச்சைச் சாறு படக்கூடாதென்று அதை உள்ளே தள்ளி, கழுத்தைச் சுற்றித் துண்டைப் போர்த்தியிருந்தேன். மாவு காயும்வரை பேசக்கூடாது, பேசினால் சுருக்கம் விழும் என்பது வீடியோப் பெண்மணியின் கண்டிப்பான உத்தரவு. இருபத்து சொச்சம் வயதில் சுருக்கத்துக்குப் பயந்து ஊமையாக உட்கார்ந்திருந்த மகாராணி நான்.

முதல் நாள்தான் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து மாமியார் வந்திருந்தார். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினாலே தமக்கு மலையாளம் தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர். அவர் வேலியோரம் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, சேச்சி தம் கடமையைச் செய்தார்.

"அம்மே, அவளோடு தாளி களயான் பறயூ. இனியும் வெச்சிருந்நால் நீரிறக்கம் வரும்."

தலையைக் கழுவச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சளி பிடிக்கும் என்று அர்த்தம். அத்தையின் காதில் விழுந்தது வேறு. தாலியைக் களையப் போகிறாள் மருமகள். இனியும் வைத்திருந்தால் கண்ணீர்தான் மிச்சம். 'லி' ஏன் 'ளி' ஆனது என்று அவர் யோசிக்கவில்லை. மலையாளிகள் எதையும் கொஞ்சம் அழுத்தித்தான் சொல்வார்கள் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டாராம்.

நேராக என் முன்னால் வந்து நின்று, வெறும் துண்டு சுற்றிய கழுத்தைப் பார்த்திருக்கிறார்.

"ஏனம்மிணி, நெசமாலுமே முடிவு பண்ணிட்டியா?"

இந்த அழகு வேலையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ம்ம்" என்றேன்.

"சரவணனுக்குத் தெரியுமா?"

கணவரிடம் காலையிலேயே சொல்லியிருந்தேன். "ம்ம்."

"அப்ப இனிமேலு உனக்காக மட்டுந்தான் வாழப்போறயா?"

வீடியோவையே மனப்பாடமாகச் சொல்கிறாரே, எப்பேர்ப்பட்ட மாமியார் என்று எனக்குப் புல்லரித்தது. வெள்ளரிக்காய் விழாமல் எவ்வளவு பலமாக ஆட்ட முடியுமோ அவ்வளவு பலமாகத் தலையை ஆட்டினேன். அப்படியே சுகமாகத் தூங்கியும் போனேன்.

யாரோ விசும்பும் சத்தம் கேட்டு வில்லைகளை எடுத்துப் பார்த்தால், பொள்ளாச்சித் தேங்காய் மண்டியில் இருக்க வேண்டிய என் கணவர் எதிரே நிற்கிறார். பக்கத்தில் பஞ்சாயத்துக்கு வந்த தோரணையில் வெள்ளை வேட்டியோடு என் அண்ணன். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கால்கள் இன்னும் வாளியில்.

"என்ன கொறைனாலும் பேசிக்கலாம் கண்ணு" என்றான் அண்ணன்.

கணவர் வாளிக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். "இனி ஞாயித்துக்கெழம சோறு நானே ஆக்கறேன் அம்மிணி. அதைய மட்டும் கழட்டிராத."

நான் பதறி வாயைத் திறந்ததும், காய்ந்திருந்த மாவு பொலபொலவென்று மடியில் உதிர்ந்தது. எதைக் கழட்டக்கூடாது என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் துண்டுக்குள் கையை விட்டுத் தாலிக்கொடியை இழுத்துக் காட்டினேன். அதே நேரம் சேச்சி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "இதுவரெ தாளி களஞ்ஞில்லே?" என்று என் தலையைக் காட்டி அதட்டினார். எல்லார் கண்களும் என் தலைக்குப் போயின. முதலில் சிரித்தவர் அத்தைதான். சிரித்துச் சிரித்து மிளகாய் மேலேயே உட்காரப் போய்விட்டார்.

சேச்சி சொன்னபடியே சளி பிடித்தது. வாரம் முழுக்கத் தும்மிக்கொண்டே பில் போட்டேன். ஆனால் கணவர் கொடுத்த வாக்கை மட்டும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்றும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அவர் சமையல்தான். அந்த ஒரு மணி நேரம் எனக்குத்தான். ரசம் சுமார். எனக்கு அது அமிர்தம்.

அன்று மிச்சமிருந்த தாளியைத் தலையில் தேய்த்துப் பார்த்த அத்தை, இப்போது தம் ஊரிலும் செம்பருத்தி நட்டிருக்கிறார். 'ளி' மட்டும் இன்னும் வரவில்லை. போன மாதம் பொள்ளாச்சி பஸ்ஸில், முடி எப்படி இப்படிப் பளபளக்கிறது என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"நானும் என்ற மருமவளும் ஞாயித்துக்கெழமையானா தாலியக் களைஞ்சுருவமுங்க" என்றாராம், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பியவர்தான், கோபாலபுரம் வரும்வரை இந்தப் பக்கம் திரும்பவில்லையாம்.