மருந்து பாட்டிலில் போன மோனைக் கூப்பன்

கத்தரிக்கோலை என் கையில் கொடுக்கக் கூடாது. கல்யாணமான மறு வாரமே என் மனைவி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். பெரம்பலூர் கம்பவுண்டர்தான் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்துகொண்டார். அதற்குள் அவருக்கு நான் ஒரு காரியம் செய்து வைத்துவிட்டேன்.

நோயாளியின் நாக்கைப் பார்க்கும் முன்பே அவனிடம் 'க' வரிசையில் இரண்டு வார்த்தை கேட்ட கம்பவுண்டர் இந்தப் பூமியில் அவர் ஒருவர்தான்.

யுத்த காலம். நான் தாலுகா ஆபீசில் நகல் எழுதும் குமாஸ்தா. அவர் பக்கத்துத் தெருவில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் மருந்து கலக்குபவர். அப்போது ஒரு வாரப் பத்திரிகை 'மோனைப் போட்டி' என்று ஒன்றை நடத்தி நாட்டையே பைத்தியமாக அடித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு குறிப்புகள் கொடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் விடை இரண்டு வார்த்தை. இரண்டும் ஒரே எழுத்து வரிசையில் தொடங்க வேண்டும். கூப்பனில் மையால் எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் குப்பைத் தொட்டி.

ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு விடை பொருந்துவதுதான் அதில் இருந்த விஷம். 'அடுத்த வீட்டில் இருந்தால் பொறாமை, நம் வீட்டில் இருந்தால் பெருமை' என்று ஒரு தடவை வந்தது. பட்டுப் புடவையா, பாட்டுப் பெட்டியா? கம்பவுண்டர் மருந்து வாங்க வந்த அத்தனை பேரையும் கேட்டார். தொண்டை கட்டிப்போய் வந்த ஒரு வண்டிக்காரர் பேச முடியாமல் கையால் புடவை கட்டிக் காட்டினார்.

"சரி, உமக்குப் புடவை. அடுத்த ஆளு வாங்க."

"எனக்கு மருந்து?" என்று வண்டிக்காரர் சைகையில் கேட்டார்.

"காரணம் சொல்லாம மருந்து கிடையாது."

நல்ல விடை சொன்னவர்களின் மிக்ஸர் மருந்தில் ஒரு கரண்டி சர்க்கரைப் பாகு கூடுதலாக விழும். இதற்காகவே உடம்புக்கு ஒன்றுமில்லாதவர்கள் எல்லாம் பாட்டிலோடு வந்து வரிசையில் நின்றார்கள்.

கம்பவுண்டருக்குப் பரிசின் மேல் ஆசை கிடையாது. எல்லா விடையும் சரியாக எழுதியவர்களின் பெயரைப் பத்திரிகையில் அச்சடிப்பார்கள். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டும்.

"ஏம்ப்பா, ஆறு வருஷமா என்கிட்ட மருந்து குடிக்கிறே. என் பேரு என்ன சொல்லு பாப்போம்."

"கம்பவுண்டருங்க" என்றேன்.

"டாக்டரும் அப்படித்தான் கூப்புடுறாரு. வூட்டுக்காரியும் அப்படித்தான் சொல்றா. அச்சுல வரட்டும், அப்ப தெரிஞ்சுக்குங்க எல்லாரும்."

என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று விடைகளை எழுத என்னை அழைப்பார். பெயர், முகவரிக் கட்டத்தை மட்டும் இடது கையால் மறைத்துக்கொண்டு அவரே எழுதுவார். ஆனால் வாராவாரம் ஒரே ஒரு விடை தப்பிவிடும். கடைசி நிமிடத்தில் சரியான விடையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தப்பானதை எழுதச் சொல்வதில் அவருக்கு அப்படி ஒரு தேர்ச்சி.

இப்படி இருக்கும்போது பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வந்தது. காகிதத் தட்டுப்பாட்டினால் மோனைப் போட்டி இந்தத் தடவையோடு நிறுத்தம். கம்பவுண்டர் அதைப் படித்தார், மடித்தார், மறுபடி பிரித்துப் படித்தார். அன்று யாருக்கும் பாகு விழவில்லை.

கடைசி நாள் காலையில் பதினொரு விடைகள் எழுதியாகிவிட்டன. ஒன்பதாவது மட்டும் காலி. 'வந்தால் மகிழ்ச்சி, தங்கினால் தொல்லை.' பிற்பகல் பஸ்ஸில் அரியலூருக்குப் போய் மெட்ராஸ் ரயிலின் தபால் வண்டியில் சேர்த்தால்தான் உண்டு.

"மாமன் மச்சான். இதுல என்ன சந்தேகம்?" என்றார் கம்பவுண்டர். "ரேஷன் அரிசியில நாலு நாள் தங்கிப் பாரு, தெரியும்."

வரிசையில் செட்டிகுளத்து அம்மாள் ஒருவர் இருமிக்கொண்டே தலையை ஆட்டினார். "மாசி மழைங்க. ஒரு தூத்தல் போட்டா மண்ணு குளிரும். நாலு நாள் நின்னா களத்துல கெடக்குற வெங்காயம் அத்தனையும் அழுவிப் போவும்."

வரிசை இரண்டாகப் பிளந்தது. இந்த நேரத்தில் டாக்டர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். "அந்தம்மா பாட்டிலுக்கு அளவு வெட்டி ஒட்டி வை, இதோ வந்துடுறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கம்பவுண்டர் போனார்.

மிக்ஸர் பாட்டிலின் பக்கவாட்டில் வேளைக்கு ஒரு பல்லாக வெட்டிய காகிதப் பட்டையை ஒட்டுவது வழக்கம். காகிதம் கிடைக்காத காலம் என்பதால் பழைய பத்திரிகைத் தாளில்தான் அதையும் வெட்டுவோம். என் வாய் மாமன் மச்சானுக்காக வாதாடிக்கொண்டிருந்தது. கண் வரிசையில் இருந்தது. கை மட்டும் மேஜையில் கிடந்த தாளை மடித்து, ஓரத்தை வெட்டி, பசை தடவி ஒட்டியது. ஆறு பற்கள். என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு ஒழுங்காக வெட்டியதில்லை. அந்த அம்மாளும் பாட்டிலை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கம்பவுண்டர் திரும்பி வந்து கேட்டார்: "கூப்பன் எங்க?"

மேஜையில் பட்டைக்கான பழைய தாள் வெட்டப்படாமல் அப்படியே கிடந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. பிறகு கால் மட்டும் ஓடியது.

நல்ல வேளை, அது கரி வாயுவில் ஓடும் பஸ் காலம். பாடாலூர் வழியாகத் திருச்சி போகும் பஸ்ஸைக் கிளப்ப ஒரு மணி நேரம் கரி உலையின் ஊதியைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் பல்லை அப்போதுதான் குடித்து முடித்திருந்தார். எனக்குப் பின்னாலேயே கம்பவுண்டரும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"அம்மா, அந்த பாட்டிலக் குடுங்க."

"ஏந் தம்பி, குடுத்த மருந்தத் திருப்பிக் கேப்பாங்களா?"

"மருந்த வேற பாட்டில்ல ஊத்தித் தரோம். இந்த பாட்டில் மெட்ராசுக்குப் போவணும்."

"பாட்டில் என்னுதாச்சே."

கம்பவுண்டர் விஷயத்தைச் சொன்னார். உரித்தால் காகிதம் கிழியும், நனைத்தால் மை கரையும், அதனால் பாட்டிலோடு அனுப்புவதுதான் வழி என்றார். பதிலுக்குக் கண்ணாடி மூடி போட்ட புது பாட்டில் தருவதாகவும் சொன்னார். டாக்டர் அதைத் தொட்டால்கூடக் கம்பவுண்டருக்குப் பிடிக்காது. அம்மாள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல அந்த ஒன்பதாவது எழுதியாச்சா?"

"இல்ல. மாமன் மச்சான்னு எழுதப்போறேன்."

"அப்பன்னா தரமாட்டேன். மழைன்னு எழுதுங்க, தரேன்."

கண்டக்டர் மச்சான் கட்சி. டிரைவர் மழைக் கட்சி. உலை சுற்றுகிறவரும் அதை நிறுத்திவிட்டுக் கருத்துச் சொல்ல வந்தார். அதனால் பஸ் மேலும் கால் மணி தாமதமானது. கம்பவுண்டர் நெற்றியைத் துடைத்தார், கடிகாரம் வைத்திருந்த ஒருவரிடம் மூன்று தடவை மணி கேட்டார். கடைசியில் பேனாவை என்னிடம் நீட்டி, "எழுதித் தொலை" என்றார். அம்மாள் பாட்டிலைப் பிடித்துக்கொள்ள, உருண்டையான கண்ணாடியின் மேல் 'மாசி மழை' எழுதினேன்.

பாட்டிலைப் பஞ்சு சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்து அரியலூருக்குக் கொண்டுபோகும் தண்டனை எனக்கே கிடைத்தது. வழியில் உடைந்ததா என்று பார்க்கத் திறந்தேன். அப்போதுதான் அதைக் கண்டேன். நான் வெட்டிய பற்கள் விடைகளைத் தொடவில்லை. பெயர்க் கட்டத்தைத்தான் மென்று தின்றிருந்தன. மிஞ்சியது முகவரி மட்டும். சரிசெய்து எழுதலாம் என்றால் அவர் பெயர் எனக்குத் தெரிந்தால்தானே?

ரயில் தபால் வண்டிக்காரர் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினார். "உள்ள என்ன?"

"விடைங்க" என்றேன்.

அடுத்த மூன்று வாரம் நான் சாப்பிட்டது எதுவும் செரிக்கவில்லை. தினமும் டிஸ்பென்சரிக்குப் போய் உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பேன். "வயித்து வலிதானே?" என்று கம்பவுண்டர் அதற்குள் மருந்தை ஊற்றிவிடுவார். அதிலும் பாகு கூடுதல்.

பத்திரிகை வந்த அன்று அவருக்கு முன்னால் நான் பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்து வாங்கினேன். மாசி மழை சரி. பன்னிரண்டும் சரி. பட்டியலில் கடைசிக்கு முந்தின வரி: 'கம்பவுண்டர், பெரம்பலூர்.' பெயர் இல்லாததால் முகவரியில் இருந்ததையே போட்டிருந்தார்கள்.

பத்திரிகையை அவர் கையில் கொடுத்து, கத்தரிக்கோல் கதை முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் அந்த வரியை விரலால் தொட்டுக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று நின்றேன். அதற்குள் தெருவே உள்ளே வந்துவிட்டது. தபால்காரர் வந்தார், வண்டிக்காரர் தொண்டை சரியாகி வாய்விட்டு வாழ்த்தினார், டாக்டர் நோயாளியை விட்டுவிட்டு எழுந்து வந்து கை கொடுத்தார். படித்த யாருக்கும் அது யார் என்று சந்தேகம் வரவில்லை. கம்பவுண்டர் அன்று எல்லாருக்கும் ஒரு கரண்டி பாகு கொடுத்தார், மருந்தே இல்லாமல். என்னை மட்டும் கத்தரிக்கோல் பக்கம் விடவில்லை.

இதை எழுத உட்கார்ந்தபோது, அன்று நான் வெட்டிப்போட்ட பெயரை இன்றாவது அச்சில் ஏற்றிவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. வேலையை விட்டபின் அவர் அரியலூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போன வாரம் போய் விவரம் சொல்லி, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, உங்கள் பெயர் என்னங்க என்று கேட்டேன்.

"கம்பவுண்டர்னே போடு."