கொம்புச் சாமி உறிஞ்சிய இரத்தக்கட்டி

நமுனுகுலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கொம்புச் சாமி வந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் மொனராகலையிலிருந்துகூட பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். கொழும்பில் பெரிய டாக்டர்கள் மண்டையைத் திறக்காமலே மூளையில் அடைத்த இரத்தக்கட்டியை எடுக்கிறார்களாம். சாமி கண்ணைத் திறக்காமலே எடுப்பாராம்! போனில் வீடியோ பார்த்தவர்கள் எல்லாரும் சாட்சி.

முறை சுலபம். நோயாளியின் தலையைக் கம்பளியால் மூட வேண்டும். "கட்டிக்கு வெளிச்சம் ஆகாது" என்பது சாமியின் விஞ்ஞானம். மாட்டுக்கொம்பைக் கம்பளிமேல் வைத்து, நுனித் துளையில் வாய்வைத்து உறிஞ்சுவார். எவர்சில்வர் தட்டில் துப்புவார். கருஞ்சிவப்பாய் ஒரு கட்டி விழும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். மண்டையோட்டையும் கம்பளியையும் துளைத்து வந்த கட்டி, ஒரு நூலைக்கூட நனைக்கவில்லையே என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோட்டத்து மருத்துவிச்சி சுபாஜினிக்குத் தோன்றியது. அன்று காலை, கம்பளி போர்த்திய நோயாளி ஒருவரை லுணுகலை ஸலீமின் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

வரிசையின் கடைசியில் கங்காணி ரஜீவ் சாய்ந்து கிடந்தார். வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போதே நாக்குக் குழறி, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதாம். வலது கை துவண்டு தொங்கியது.

"வதனி, இவர உடனே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். ஒவ்வொரு நிமிஷமும் மூளை செத்துக்கிட்டு இருக்கு!" என்றாள் சுபாஜினி.

ரஜீவின் மனைவி வதனி அழுதாள். "அங்க தலைய வெட்டிப்புடுவாங்க மிஸ்ஸி. சாமி ஒரு தடவ உறிஞ்சட்டும், பொறவு போறோம்."

வாதாட நேரமில்லை. சுபாஜினி நேரே முன்னால் போனாள். "சாமி, அவசரம்! ஆட்டோவுலயே இருக்காரு. பேச்சு மூச்சு இல்ல."

சாமி கம்பீரமாக வந்து கம்பளித் தலையைத் தடவினார். "அடேயப்பா, பழைய கட்டி! மண்டையே கல்லாப் போச்சு!" கொம்பை வைத்தார். உறிஞ்சினார். துப்பினார். தட்டில் கட்டி. "பொழச்சிட்டான்!"

"அப்ப எந்திரிக்கச் சொல்லுங்க," என்று சுபாஜினி கம்பளியை இழுத்தாள்.

உள்ளே, உர மூட்டையின்மேல், ஒரு பூசணிக்காய்.

"சந்தையில வாங்கினது சாமியாரே," என்றான் ஸலீம். "இதுக்கு எப்பங்க பக்கவாதம் வந்திச்சு?"

"வாயக் கொஞ்சம் திறந்து காட்டுங்க," என்றாள் சுபாஜினி.

சாமி தேயிலைக்குள் பாய்ந்தார். பாய்ந்த வேகத்தில் அவர் வாயிலிருந்து ஒரு துண்டு கோழி ஈரல் விழுந்தது. ஒரு நாய் அதை முழு நம்பிக்கையோடு தின்றது. கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது.

வதனி சிரிக்கவில்லை. "ஐயோ மிஸ்ஸி, நேரத்தக் கெடுத்துட்டேனே! வாங்க, போவோம்!"

பூசணிக்காய் இறங்கியது, ரஜீவ் ஏறினார்.

பதுளையில் ஸ்கேன் எடுத்து, கட்டியைக் கரைக்க ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே தொடை இரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை மூளைவரை செலுத்தி, மிச்சக் கட்டியைப் பிடித்து இழுத்தார்கள். தலையில் ஒரு கீறல் இல்லை.

மூன்றாம் வாரம் ரஜீவ் வலது காலை லேசாக இழுத்தபடி லயத்து வீட்டுக்கு நடந்து வந்தார். வாசலில் கற்பூரத் தட்டோடு ஒரு கூட்டம்.

"கங்காணியாரே, அந்தத் தொடையக் கொஞ்சம் காட்டுங்க. தொட்டுக் கும்பிட்டுக்கிறோம்."

ரஜீவ் சாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நாக்கு இன்னும் சற்றுக் குழறியது. ஆனால் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"வாய் கோணினா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. டாக்டருங்க மூளையக் காப்பாத்தித்தான் தருவாங்க. அதைப் பாவிச்சு யோசிக்கிறது நம்ம வேலைங்க!"