பூரணி போட்ட எல்லை

ஒரு காட்டில், சிரிப்புக்குப் பேர்போன காட்டுப்பன்றி ஒருத்தி இருந்தாள். பெயர் பூரணி. அவள் வாய்விட்டுச் சிரித்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேய்கிற காட்டெருமைகூட நிமிர்ந்து பார்க்கும். அப்பேர்ப்பட்டவள் கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு சிரிப்பதையே விட்டுவிட்டாள்.

காரணம் வெளியே சொல்லும்படியாக இல்லை. வரிசையாகக் குட்டி போட்டதில், இடுப்புக்கு அடியில் தாங்கிப் பிடிக்கிற தசை தளர்ந்துபோயிருந்தது. சிரித்தால் சிறுநீர் சொட்டும். தும்மினால் இன்னும் கொஞ்சம். விழுந்த மரத்தைத் தாண்டினால் கேட்கவே வேண்டாம். பொழுதுக்கும் சேற்றிலேயே கிடந்தாள். சேற்றில் கிடப்பவளிடம் யார் என்ன கண்டுபிடிக்க முடியும்? குட்டிகள் ஓடிப்பிடித்து விளையாடக் கூப்பிட்டால், "அம்மாவுக்கு வெயில் ஆகாதுடா" என்பாள். சொல்லும்போதே அழுகை வரும். என்ன பிழைப்பு இது!

இந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. சிறுநீர் எங்கே விழுகிறதோ, அந்த இடம் விட்டவருக்குச் சொந்தம். சட்டம் போட்டவர் வேங்கையப்பர் என்ற புலி. தன்னைத் தவிர வேறு யாருக்கும் அந்தத் துணிச்சல் வராது என்று நினைத்து, பெயர் எதுவும் குறிப்பிடாமல் பொதுவாகப் போட்டுவைத்தார். சட்டம் போடுகிறவர்கள் செய்கிற வழக்கமான தப்புதான்.

ஒருநாள் பூரணி கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தபோது புலி வாடை அடித்தது. சட்டென்று புதருக்குள் பதுங்கினாள். வேங்கையப்பர் வந்தார். வழியை மோந்தார். தான் வெயில் காய்கிற பாறையை மோந்தார். மீசை நடுங்கியது.

"என்னய்யா இது? பன்னி வாடை அடிக்குது. மான் வாடையும் அடிக்குது. மந்தி வாடை வேற!"

"எனக்கும் ஒண்ணும் புரியலைங்க" என்றது உதவியாளர் நரி.

"எனக்குப் புரியுது. ஒருத்தன் இத்தனை பேரையும் தின்னுருக்கான். தின்ன கையோட என் பாறை மேலயே வந்து எல்லை போட்டிருக்கான். அப்ப அவன் எவ்வளவு பெரிய ஆளா இருக்கணும்!"

பிள்ளை பெற்ற யாரிடமாவது இரண்டு வார்த்தை பேசியிருந்தால் அவருக்கு விஷயம் விளங்கியிருக்கும். ராஜாக்களுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? அன்றைக்கே மூட்டை முடிச்சோடு ஆற்றைக் கடந்து போய்விட்டார்.

காடு குதூகலித்தது. 'பெயர் தெரியாத மாவீரரே, வருக வருக!' என்று பேனர் கட்டினார்கள். புகைப்படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வட்டம். அதைப் பார்த்ததும் பூரணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவ்வளவுதான், சேற்றுக்கு ஒரே ஓட்டம். பின்னாலேயே வந்து பிடித்துக்கொண்டாள் அவளுடைய சிநேகிதி இலஞ்சி என்கிற மந்தி. பூரணி எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்.

"அட லூசு, இதுக்கா இத்தனை நாளா எனக்கு முகம் குடுக்காம இருந்தே? எனக்கும்தான்டி இருக்கு. கிளைக்குக் கிளை தாவுறவ கதிய நெனச்சுப் பாரு!"

இருவரும் நாரை டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போனார்கள். காத்திருப்போர் வரிசையில் மான், யானை, முயல் என்று காட்டிலுள்ள தாய்மார்கள் பாதிப் பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். என்ன விஷயம் என்று கேட்டால் ஒவ்வொருத்தியும் மூட்டுவலி என்றாள். மலைப்பாம்பும் மூட்டுவலி என்றுதான் சொன்னாள்.

"கத்தி கிடையாது, ஊசி கிடையாது" என்றார் டாக்டரம்மா. "இந்த நாற்காலியில சும்மா உட்காருங்க. உள்ளே இருக்கிற காந்தம் தசையைத் தானா சுருக்கிச் சுருக்கி விடும். துணியைக்கூடக் கழற்ற வேண்டாம்."

காட்டில் யாரும் துணி உடுத்துவதில்லை. ஆனாலும் அதைக் கேட்டதும் எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது.

"வீட்டுல பயிற்சியும் செய்யணும். வர்றதை நிறுத்துற மாதிரி உள்ளே இறுக்கிப் பிடிங்க, அப்புறம் விடுங்க. மூச்சை மட்டும் பிடிச்சு வைக்காதீங்க. ஒரே நாள்ல சரியாகாது, விடாம செய்யணும்."

பூரணி விடாமல் செய்தாள். சில வாரங்களில் குட்டிகளோடு ஓடினாள், மரம் தாண்டினாள், வயிறு வலிக்கச் சிரித்தாள். ஒரு சொட்டு இல்லை. அந்தச் சந்தோஷத்தை என்னால் சொல்லி மாளாது. மற்றவர்களுக்கும் ஒவ்வொருத்தியாகக் குணமானது.

வினையே அங்கேதான் வந்தது. மழையில் பழைய வாடை கரைந்தது. புது வாடை விழவில்லை. மாவீரன் செத்துவிட்டான் என்று நரி போய்ச் சொல்ல, வேங்கையப்பர் திரும்பிப் புறப்பட்டார். பூரணியின் குட்டிகளோ புல்வெளியில் உருண்டுகொண்டிருந்தன.

"மறுபடியும் தளர்றதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்கான்னு டாக்டரம்மாகிட்ட கேப்போமா?" என்றாள் இலஞ்சி பதறிப்போய்.

"எதுக்குடி? இப்பதானே நெனச்ச இடத்துல, நெனச்ச அளவுக்குப் போக முடியுது" என்றாள் பூரணி. நேரே புலியின் பாறைமேல் ஏறினாள். இலஞ்சி பக்கத்து மரத்தில் ஏறிக்கொண்டாள்.

பாதி எல்லை போட்டிருப்பாள், எதிரே வேங்கையப்பர்.

"நீயா?"

பூரணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் ஒரு சொட்டு தவறி விழவில்லை. அதிலேயே தைரியம் வந்தது. புலியின் கண்ணெதிரே மீதி எல்லையையும் கோணாமல் போட்டு முடித்தாள்.

"நான்தான். அப்பவும் நான்தான், நாங்கதான். இந்தப் பாறையைத் தாண்டும்போது, தும்மும்போது விழுந்தது. அதுக்குப் பயந்துதான் நீங்க ஆத்தைத் தாண்டிப் போனீங்க."

வேங்கையப்பர் கையை ஓங்கினார்.

"அடிச்சா, மரத்து மேல இருக்கிற இலஞ்சி காடு பூரா சொல்லிடுவா. எங்களுக்கு வெக்கம் போயாச்சு. உங்களுக்கு எப்படிங்க?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. பின்னால் நரி வரும் சத்தம் கேட்டது. வேங்கையப்பர் கையைத் தாழ்த்தினார், குரலையும் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதேம்மா."

பிறகு திரும்பி, நரியைப் பார்த்துக் கர்ஜித்தார். "வராதே, அப்படியே திரும்பு! அவன் சாகலை. முன்னைவிட நல்லா வளந்திருக்கான்!"

நீதி: 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று ஒருவர் சுவரில் எழுதிவைத்தால், அவர் சுத்தம் பார்க்கிறவர் அல்ல, நாட்டை இழக்கப் பயப்படுகிறவர்.