வெள்ளிக்குத் துணை தேடிய படலம்

வாழ்க முஃப்லிஹா! மாங்குளம் ஈன்ற மதிநுதல் மாது, வாரநாளிலே பள்ளியில் விஞ்ஞானம் உரைத்து விடுமுறையிலே விண்ணைத் துழாவும் வேல்விழியாள், முதுமாணிப் பட்ட ஆய்வுக்கெனத் தொலைதேசத் தொலைநோக்கிகள் பிடித்த படங்களைக் குசினி மேசையில் விரித்துவைத்து, பால்மணம் மாறாத இளம் விண்மீன்களாம் வெள்ளிகளின் பேரொளிக்குள் பதுங்கிக் கிடக்கும் கோள்களையும், கோளினும் பெருத்து வெள்ளியினும் சிறுத்த பழுப்புக் குறுமீன்களையும் வேட்டையாடும் வீராங்கனை வாழ்க!

நான்காண்டுக்கு முந்திய படமொன்றில், அருகிருப்பவை தெரியவென ஒளி மறைக்கப்பட்ட ஓர் இளம் வெள்ளியின் பக்கத்தே கடுகினும் நுண்ணிய புள்ளியொன்றைக் கண்டாள் அவள். கண்ட நாள்தொட்டு உண்ட சோறு உடலில் ஒட்டவில்லை. வெள்ளி வானில் நகர்கையில் புள்ளியும் கூடவே நகர்ந்திருந்தால் அது துணை. நின்ற இடத்திலேயே நின்றிருந்தால், பின்னே வெகுதொலைவில் எரியும் யாரோ ஓர் அந்நியன். தீர்ப்புரைக்கும் புதுப்படம் சனிக்கிழமை பிற்பகல் மின்னஞ்சலில் வந்து வாயிலில் நின்றது.

அந்தோ! அதை உள்ளே அழைக்க வழியில்லை. வீட்டின் ஒரே இணையமோ, கதிரையில் சாய்ந்து கிரிக்கெட்டின் கடைசி ஓவரில் கண்பதித்திருந்த கணவன் முன்ஸிரின் போன் என்னும் கோட்டைக்குள் சிறைப்பட்டிருந்தது. இரண்டு வேலைக்கு ஈடுகொடுக்கும் சிக்னலை அவ்வூர் வானம் என்றும் அருளியதில்லை.

“இஞ்சேருங்கோ, அந்த ஹொட்ஸ்பொட்டைப் போடுங்கோ!” என்று போர்முரசு அறைந்தாள் முஃப்லிஹா.

“ஒரு ஓவர்தான் கிடக்கு, பொறும். உம்மட வெள்ளி எங்கயும் ஓடிப்போகாது.”

“அது எவ்வளவு ஓடினதெண்டுதான் நான் பாக்கவேணும்!”

சொல்லம்பு தைத்தது. ஒன்பது ஓட்டம் வேண்டிநின்ற தன் அணியை நட்டாற்றில் கைவிட்டு, முடிதுறக்கும் மன்னனென முன்ஸிர் போனை நீட்டினான். நீட்டியவன் அகலவுமில்லை, அவள் தோளுக்குப் பின்னே மெய்க்காவலனாய் வந்து நின்றான். சேற்றில் புதைந்த தேரென நின்று நின்று இறங்கிய படத்தை, மூச்சடக்கி, பழையதன்மேல் பொருத்தினாள் பாவை.

வெள்ளி நகர்ந்திருந்தது. புள்ளி நகரவில்லை.

மாதக்கணக்காய் மகவெனப் போற்றிய கடுகு, அந்த வெள்ளியை அறியவே அறியாத அந்நியன்! கோட்டை சரிந்தது, கொடி சாய்ந்தது, வேல்விழி இரண்டும் வெள்ளம் கொண்டன.

“பக்கத்தில நிக்கிறமாதிரித்தானே கிடக்கு?” என்றான் முன்ஸிர் மெல்ல.

“கிடக்கும். ஆனா இல்லை.”

முன்ஸிர் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைத்தான்.