மேனேஜர் வீட்டுச் செழிப்பு

வாடகை உயர்வையும் இரக்கத்தையும் ஒரே தீர்மானத்தில் அருகருகே உட்கார வைத்ததில் அந்த ஊர் நகராட்சிக்கு இணை உலகில் வேறொன்று இருக்க முடியாது. பல ஆண்டுகளாக வாடகையை ஏற்றக் கூடாது என்றிருந்த தடையை நீக்கிய அதே மாலையில், அதே பேனாவால், "சிரமப்படும் குடித்தனக்காரர்களுக்கு மட்டும் பழைய வாடகையே தொடரும்" என்றும் அது எழுதியது. சிரமப்படுகிறவர் யார் என்று கண்டுபிடிப்பதில் யாருக்கும் சிரமம் வரக் கூடாதல்லவா? வீடு வீடாகப் போய்ச் சிரமத்தைக் கண்ணால் பார்த்துவர 'சிரம ஆய்வுக் குழு' ஒன்றும் பிறந்தது.

செய்தி அந்த ஊரின் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்துக்கு வந்தபோது, மேனேஜர் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவர் மேனேஜராக இருந்த சினிமாக் கொட்டகை மூடிப் பல காலம் ஆகிவிட்டது. பட்டமும் அந்தக் கோட்டும் மட்டும் மிஞ்சின. வாடகை ஏறினால் அந்த வீட்டில் இருக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியும், காலியாகக் கிடந்த கூடத்துக்கும் தெரியும்.

"ஏங்க, வர்றவங்க கிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லிடுங்க," என்றாள் மனைவி. "கஷ்டம்தான்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்தக் குடும்பத்துல அந்த வார்த்தையை வெளியாள் முன்னாடி யாரும் சொன்னதில்லை."

"உங்க தாத்தா சொந்த வீட்டுல இருந்தாரு."

மேனேஜர் இஸ்திரிப் பெட்டியை இன்னும் அழுத்தித் தேய்த்தார். பிறகு மானத்துக்குப் பங்கம் வராத வழி ஒன்று தோன்றியது. தாம் வாய் திறக்க வேண்டியதில்லை. காலிக் கூடம் தானே பேசிக்கொள்ளட்டும்.

குழு வரும் நாள் காலையில் முதல் மாடிப் பல் டாக்டர் கதவைத் தட்டினார். புத்தம் புதுப் பனியனில் கத்தரியால் ஓட்டை போட்டு அணிந்திருந்தார்.

"சார், ஒரு ஒத்தாசை. எங்க சோபா மட்டும் சாயந்திரம் வரைக்கும் இங்க இருக்கட்டும். உங்ககிட்டதான் இடம் இருக்கே."

இடம் இருந்தது. இடம் மட்டும்தான் இருந்தது. வாசலுக்கு வந்து கேட்டவரிடம் முடியாது என்று சொல்வதும் அந்தக் குடும்பத்தில் இல்லாத வழக்கம். சோபா உள்ளே வந்தது. அதன் பின்னாலேயே இரண்டாம் மாடி நகைக் கடைக்காரரின் ராட்சச டிவியும் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜும் வந்தன. மூன்றாம் மாடி வக்கீல், ஓடிக்கொண்டே ஒரே இடத்தில் நிற்கும் மெஷினையும், உட்கார்ந்தால் உடம்பு பிடித்துவிடும் மசாஜ் நாற்காலியையும், மீன் தொட்டியை மீன்களோடும் இறக்கினார். சரவிளக்கைக் கூரையில் மாட்டிவிட்டே போனார். தரையில் வைத்தால் உடைந்துவிடுமாம்.

அடுப்படிக்குப் போக மனைவி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடக்க வேண்டியிருந்தது.

"இதெல்லாம் நம்மோடது இல்லைன்னு சொல்வீங்கல்ல?"

"அக்கம்பக்கத்தைக் காட்டிக்கொடுக்கச் சொல்றியா?"

குழு மேலிருந்து ஆய்வைத் தொடங்கியது. வக்கீல் குடும்பம் வெறுந்தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு குழுத் தலைவி அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாம் மாடியில் மூக்கையும் சிந்தினார். முதல் மாடியில் பல் டாக்டர், தமக்குப் பல்வலி என்றும் வைத்தியத்துக்கு வழியில்லை என்றும் சொன்னபோது குழு மொத்தமும் விம்மியது.

அழுது களைத்துத் தரைத்தளத்துக்கு வந்த அம்மையார் மசாஜ் நாற்காலியில் சாய்ந்தார். அது வேலையைத் தொடங்கிவிட்டது. நிறுத்துவது எப்படி என்று மேனேஜருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மாட்டார்.

"நீ-நீ-நீங்க சி-சிரமப்ப-படறீங்களா?" என்று அம்மையார் அதிர்ந்தபடியே விசாரித்தார்.

மீன் தொட்டிக்குப் பின்னாலிருந்து மனைவி கணவரையே பார்த்தாள். மேனேஜர் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வார்த்தை தொண்டை வரை வந்தது. அங்கே தாத்தா, அப்பா, பெரியப்பா எல்லோரும் வரிசையாக நின்று வழியை மறித்தார்கள்.

"ஒரு குறையும் இல்லைம்மா," என்றார்.

அவர் வாடகை ஏறியது. மேலே இருந்தவர்களுக்குப் பழைய வாடகையே உறுதியானது. பொருள்களெல்லாம் வந்த வழியே மாடியேறின. சரவிளக்கு, கூரைப் பூச்சிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனது.

சில வாரங்களில் மேனேஜரும் மனைவியும் ஒரு டிரங்குப் பெட்டியோடு தெருவில் இறங்கினார்கள். வக்கீல் பால்கனியிலிருந்து குனிந்து, "என்ன சார், திடீர்னு காலி பண்றீங்க? ஏதாவது கஷ்டமா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

மேனேஜர் நிமிர்ந்தார். அவர் வாய் திறப்பதற்குள் மனைவி பேசினாள்.

"ஆமாங்க. கஷ்டம்தான்."

தெரு முழுக்கக் கேட்டது. மேனேஜர் மறுக்கவில்லை. பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு குழு முன்னறிவிப்பில்லாமல் மறு ஆய்வுக்கு வந்தது. சோபாவும் டிவியும் மீன்களும் அதனதன் இடத்தில் இருந்தன. ஒளித்துவைக்கத்தான் இப்போது கீழே ஆள் இல்லையே. பழைய வாடகை இந்த ஏழைகளை இவ்வளவு தூக்கிவிட்டிருக்கிறதே என்று குழு பூரித்துப்போனது; அதை மேலும் நீட்டிக்கப் பரிந்துரைத்தது. நகராட்சி மண்டபத்தில் கைதட்டலுக்கு நடுவே அம்மையார் அறிக்கை வாசித்தார்:

"நமது திட்டம் முழு வெற்றி. சிரமப்படுகிறவர் என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் இன்று ஒருவர்கூட இல்லை."