கதவு சாத்தினால் வராத துடிப்பு

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: தண்ணீர் மீட்டருக்குக் கம்பியில்லாக் கருவி பொருத்த மூன்றாவது முறையாக வந்திருந்த மெக்கானிக், முதல் முறையே அவரைப் பிடிக்காமல் போன விடுதி மேனேஜரம்மா, இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட காவலாளி. புல்வெளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்கார அம்மாவும் இருந்தார். அவரை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

வேலை சின்னதுதான். தோட்டத்துக்கென்று தனி மீட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஓடினால் அதிலிருந்து ஒரு துடிப்பு கிளம்பும். அது மாடியில், மேனேஜரம்மா மேசைமேல் இருக்கும் பெட்டியில் 'டிங்' என்று கேட்க வேண்டும். கேட்டது. மீட்டர் அறையின் இரும்புக் கதவைச் சாத்தியதும் நின்றது.

"கதவைத் திறந்தே வச்சுக்கலாமே மேடம்?"

"எதுக்கு? திருடனுக்குச் சிரமம் வேணாம்னா?"

மெக்கானிக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டார். இன்றும் முடியாவிட்டால் நாளையிலிருந்து பழையபடி வீடு வீடாகப் போய் மீட்டர் குறிக்க வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த வேலையில் நாலு வருஷம். வலது கெண்டைக்காலில் மூன்று நாய்களின் பல் அடையாளம் மிச்சம்.

கீழே இறங்கினார். அறைக்குள்ளிருந்து வாசற்படி தாண்டி வெளியே போன பச்சை ரப்பர் குழாய் காலைத் தடுக்கியது. அதையும் திட்டிவிட்டு, கருவியின் ஆன்டெனாவைச் சுவரின் உச்சிக்கு ஏற்றினார். மாடிக்கு ஓடி, கீழே நின்ற காவலாளியிடம் போனில் கத்தினார்.

"அண்ணே, சாத்துங்க!"

"சிக்குது சார். தோளைக் கொடுக்கணும். ம்ம்... ம்ம்... சாத்தியாச்சு!"

பெட்டி ஊமையானது.

சரி, அனுப்பும் கருவியில்தான் கோளாறு என்று புதிதாக ஒன்றை மாற்றினார். அது மாடிப் பெட்டியோடு இணையவே மறுத்தது; கதவு திறந்திருந்தபோதும் பேசவில்லை. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டுப் பழையதையே மாட்டினார். படியருகே தோட்டக்கார அம்மா வழிமறித்தார்.

"தம்பி, தண்ணி வந்து..."

"தாகம் இல்லம்மா."

"அதில்ல, தண்ணி..."

"அம்மா தாயே, நானே வெறுப்புல இருக்கேன். போங்க!"

அப்புறம்தான் துளைபோடும் மெஷினை எடுத்தார். இரும்பு மறைக்கிறதென்றால் ஆன்டெனாவையே கதவுக்கு வெளியே நீட்டிவிட்டால் போயிற்று. முதல் துளையில் ஊசி உடைந்தது. இரண்டாவது கோணிக்கொண்டது. மூன்றாவது சரியாக விழுந்தபோது மேனேஜரம்மா வந்து நின்றார்.

"போன மாசம் போட்ட புதுக் கதவுய்யா! இது கதவா, டீ வடிகட்டியா?"

"இதோட வந்துரும் மேடம். நீங்களே மேல வந்து கேளுங்க."

வந்தார். கையைக் கட்டிக்கொண்டு பெட்டிக்கு எதிரே நின்றார்.

டிங். டிங்.

"அண்ணே, இப்ப சாத்துங்க!"

"உதைச்சே சாத்திட்டேன் சார்!"

ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம். மின்விசிறி மட்டும் கேட்டது.

மெக்கானிக் முதலாளிக்குப் போன் போட்டார். "சரக்கே சரியில்ல சார்."

"சரக்கா, நீயா? எல்லாத்தையும் கழட்டிக் கொண்டு வா. நாளைக்குக் காலைல நோட்டை எடுத்துக்க. நாய் பிஸ்கட்டையும் மறக்காம எடுத்துக்க."

மேனேஜரம்மா படிவத்தில் 'வேலை செய்யவில்லை' என்று எழுதி, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தினார். பிறகு காவலாளியிடம், "இந்தாளை வெளிய விட்டுட்டுப் பூட்டு. மறுபடி வந்து எது சொன்னாலும் தெறக்காதே" என்றார்.

கழற்றியதையெல்லாம் பையில் திணித்துக்கொண்டு மெக்கானிக் வாசலுக்கு நடந்தார். அங்கே தோட்டக்கார அம்மா குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பாதிப் புல்வெளி நனைந்திருந்தது. மீதி காய்ந்து கிடந்தது. மெக்கானிக் வெளியே கால் வைத்ததும் அந்த அம்மா குரல் கொடுத்தார்.

"இப்பவாவது காது கொடு தம்பி. இந்த வாட்ச்மேன் ஒவ்வொரு வாட்டியும் மீட்டர் ரூம் கதவைச் சாத்துறேன்னு என் குழாயை நசுக்கிட்டான். சாத்தினா தண்ணி நிக்குது, தெறந்தா வருது. நான் எப்படித்தான் புல்லுக்கு விடுறது?"

மெக்கானிக் சட்டென்று திரும்பினார். அதற்குள் வாசல் கதவு சாத்திப் பூட்டப்பட்டிருந்தது. இந்த முறை எதுவும் சிக்கவில்லை.